வாழாவெட்டி என்றொரு சொல்



நமது பாஷையில் ஒரு சொல் உண்டு. அச்சில் அதை அதிகமாய்க் காணமாட்டீர்கள். ஆனால் குழாயடியிலும், மல்லாட்டை ஆயும் களத்திலும், கலியாண வீட்டுப் பந்தியிலும் அது தாராளமாய்ப் புழங்குகிறது. "வாழாவெட்டி" என்பதே அச்சொல். கணவனை விட்டுப் பிரிந்தோ, கணவனால் தள்ளப்பட்டோ, தாய்வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும் பெண்ணுக்கு ஊரார் இட்ட பெயர் அது. வாழா என்றால் வாழாத; வெட்டி என்றால் வீண். வாழாமல் வீணாய்ப் போனவள் என்றே அது கேட்பவர் செவியில் விழுகிறது.

இச்சொல்லைச் சற்று நிறுத்தி விசாரித்துப் பாருங்கள். அந்தப் பெண் விடியுமுன் எழுந்து சமைக்கிறாள். பிள்ளைக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். பஸ் ஏறி விழுப்புரத்தில் ஏதோ ஒரு கடையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறாள். இரவில் வயது முதிர்ந்த தாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுக்கிறாள். இவ்வளவும் செய்கிறவள் வாழவில்லையாம்! நாள் முழுதும் திண்ணையில் சாய்ந்து அவளைப்பற்றிப் பேசுகிறவர்கள்தான் வாழ்கிறவர்களாம்!

இந்தத் தப்பெண்ணம் எங்கிருந்து வந்தது? பெண்ணுக்கு மணமாவதையே நாம் "வாழ்க்கைப்படுதல்" என்கிறோம். கணவன் வீட்டை "வாழப் போன இடம்" என்கிறோம். விவாகம்தான் வாழ்வு என்று பேசிப் பழகிவிட்டபடியால், விவாகம் முறிந்தால் ஜீவியமே முறிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். மனைவியைப் பிரிந்த ஆணுக்கு இப்படி ஒரு பெயர் நம்மிடத்தில் கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

ஆகையால் இந்த வாரம் நாம் சிந்திக்கவேண்டிய கேள்வி இது: விவாகம் முறிந்துபோன ஒருவருடைய மதிப்பு எங்கே இருக்கிறது? அதை யார் கொடுத்தது, யார் பறிக்கக்கூடும்? இனிமேல் அவர் அச்சமின்றி நேசிக்கவும் நேசிக்கப்படவும் வழி உண்டா?

"நம்முடைய சபையில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்காக ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கலாம். 2011-ம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்கின்படி இந்தியாவில் விவாகரத்துப் பெற்றவர்கள் ஏறக்குறைய 13 லட்சத்து 60 ஆயிரம் பேர். கோர்ட்டுக்குப் போகாமலே பிரிந்து வாழ்கிறவர்களோ அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இவ்விரண்டு கணக்கிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். கண்டாச்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிரிவு என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். தீர்ப்புமில்லை, சமாதானமுமில்லை. கழுத்தில் தாலி இருக்கும். கட்டியவன் எங்கேயோ இருப்பான். கேள்வி கேட்பாருக்குப் பயந்து அதைக் கழற்றாமல் பூசைக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடியுமுன் எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்களை நாம் எண்ணாதது அவர்கள் இல்லாததால் அல்ல. அவர்கள் பக்கம் நாம் திரும்பாததால்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது?

ஞான உபதேசம் படித்த சிறுபிள்ளையும் இதற்கு விடை சொல்லும். சர்வேசுரன் மனிதனைத் தமது சாயலாகப் படைத்தார். ஞானஸ்நானத்தில் அவனைத் தமது பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். இவ்விரண்டும் மெய்விவாகத்துக்கு முந்தினவை. மெய்விவாகம் மேன்மையான தேவதிரவிய அனுமானம். ஆயினும் மனிதனுக்கு மதிப்பு உண்டாக்கிக் கொடுப்பது அதன் வேலையல்ல. ஏற்கனவே மதிப்புள்ள இரண்டு ஆத்துமங்களை அது இணைக்கிறது. இணைப்பில் கேடு வந்தது மெய்யானால் வேதனை உண்டு, நஷ்டம் உண்டு, பாவமும் இருக்கலாம். ஆனால் ஆத்துமத்தின் மதிப்புக்குக் குறைவில்லை. நிலத்துக்குப் பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது. கிணறு வற்றிப்போனதென்று தாலுகா ஆபீஸில் பட்டாவை ரத்து செய்கிறார்களா? விளைச்சல் போயிற்று, மெய்தான். நிலம் யாருடையது என்பது மாறவில்லை.

வேதாகமத்தில் ஆகார் என்னும் அடிமைப்பெண்ணின் சரித்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபிரகாமுக்கு அவள் ஒரு மகனைப் பெற்றாள். பிறகு குடும்பத்தில் பிணக்கு முற்றி, அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அவளைப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபிரகாமும் சாராளும் அவளைப்பற்றிப் பேசும்போதெல்லாம் அடிமைப்பெண் என்றே பேசுகிறார்கள். அவள் பெயர் அவர்கள் வாயில் வருவதில்லை. பெயர் சொல்லி அவளை அழைத்தது வனாந்தரத்தில் வந்த தேவதூதன் ஒருவனே. அவளும் சர்வேசுரனுக்கு ஒரு பெயர் இட்டாள்: தன்னைக் காண்கிறவர் என்று. வீட்டார் கண்ணுக்கு மறைந்தவளைக் கடவுள் கண்டார். தள்ளிவிடப்பட்டோர் ஆறுதல் பெறத்தக்க சரித்திரம் இதைவிட வேறு எது?

வேறு மதத்தாருடைய வரலாறு ஆயினும், நம் நாட்டாருக்கு மறுவிதமாய் எண்ணவும் தெரியும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். நமது அதிமேற்றிராசன எல்லைக்குள் இருக்கும் காரைக்காலில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடக்கிறது. அது யாரைப்பற்றியது? சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லுகிறபடி, புனிதவதி என்பவளை அவள் கணவன் பரமதத்தன், அவளிடம் கண்ட அதிசயத்துக்கு அஞ்சி விட்டு நீங்கினான். கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்துகொண்டான். ஊர்ப் பேச்சின்படி பார்த்தால் புனிதவதியும் வாழாவெட்டிதான். ஆனால் தமிழ்நாடு அவளை அப்படியா அழைத்தது? அம்மையார் என்று அழைத்தது. சிவாலயங்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவரை உட்கார்ந்த நிலையில் வைத்தது. கணவன் விட்டுப்போன ஒருத்தியை அம்மையார் என்று அழைக்கத் தெரிந்த நாவுக்கு, அடுத்த தெருவில் இருப்பவளை மரியாதையாய் அழைக்கத் தெரியாமற் போவானேன்? அம்மையார்போல் பெரியவர்களானால்தான் மரியாதை என்றும் எண்ணவேண்டாம். பெரியவராகும் முன்னே, ஒன்றும் ஆகாதிருக்கும்போதே, அந்த மதிப்பு அவளுக்கு உண்டு.

தண்ணீர் கேட்டவர்

மதிப்பு உண்டு என்று சொன்னால் போதுமா? பல ஆண்டுகள் "நீ உதவாதவள்" என்று கேட்டுக் கேட்டு நொந்த மனசு, "நீ மதிப்புள்ளவள்" என்று ஒருநாள் பிரசங்கத்தில் கேட்டவுடனே நிமிர்ந்துவிடாது. இங்கே சேசுநாதர் செய்ததைக் கவனிக்கவேண்டும்.

சமாரியாவின் கிணற்றடியில் அவர் சந்தித்த பெண்ணுக்கு ஐந்து கணவர்மார் இருந்து போயிருந்தார்கள். அப்போது அவளோடிருந்தவனும் அவளுக்குக் கணவனல்ல. ஊரார் வராத நடுப்பகலில் அவள் தண்ணீருக்கு வந்தாள். சேசுநாதர் அவளுக்கு முதலில் புத்தி சொன்னாரா? இல்லை. இரக்கப்பட்டு எதையாவது கையில் கொடுத்தாரா? அதுவுமில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுக்கக்கூடிய ஒன்று தன்னிடத்தில் உண்டென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பின்பே அவளுடைய ஜீவியத்தைப்பற்றிய உண்மையை ஒளிவில்லாமல் பேசினார். கடைசியில் அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு, எந்த ஊரார் முகத்துக்குப் பயந்தாளோ அந்த ஊராரிடமே ஓடிப்போய் அவரை அறிவித்தாள்.

நொறுங்கின தன்மதிப்பு கட்டியெழுப்பப்படும் முறை இதுவே. அனுதாபம் நல்லதுதான், ஆனால் அது மட்டும் ஒருவரை நிமிர்த்தாது. "உன்னால் எங்களுக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்று உண்டு" என்று கேட்பதே நிமிர்த்தும். நமது கோவிலில் நிருபம் வாசிக்க, பாடற்குழுவில் பாட, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுக்க, மகளிர் குழுக் கணக்கை எழுத ஆள் தேடும்போது, அந்தக் கடைசி வரிசையை யாராவது நினைத்ததுண்டா?

உரோமாபுரியில் அர்ச். பபியோலம்மாள் சரித்திரமும் இதையே காட்டுகிறது. அவள் பெருங்குடியில் பிறந்தவள். முதற் கணவன் மிகவும் கெட்ட நடத்தையுள்ளவன் ஆனபடியால் அவனை விட்டு நீங்கினாள். அவன் உயிரோடிருக்கையிலே, உரோமைச் சட்டம் இடம் கொடுத்தபடியால், வேறொருவனை மணந்தாள். இரண்டாம் கணவன் இறந்தபின், லாத்தரன் கோவிலில் பாவப்பரிகாரம் செய்வோரோடு எல்லாரும் காண நின்றாள். திருச்சபை அவளைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் தன் சொத்தை விற்று நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை கட்டினாள். மேற்குத் தேசங்களில் அப்படிப்பட்டவற்றில் முதலாவது அதுவே என்பார்கள். மற்றவர்கள் முகம் திருப்பும் புண்களைத் தன் கையால் கழுவினாள். 399-ம் ஆண்டில் அவள் மரித்தபோது, அவளைப் புகழ்ந்து நிருபம் எழுதியவர், கடுமைக்குப் பேர்போன அர்ச். ஜெரோம்! அவளுடைய தப்பிதத்தை அவர் மறைக்கவில்லை. அந்தத் தப்பிதத்தைக்கொண்டு அவளை அளக்கவுமில்லை.

ஒரு ஆட்சேபணை

"இப்படியெல்லாம் எழுதினால் இளையோர் விவாகத்தை இலேசாய் எண்ணமாட்டார்களா? சர்வேசுரன் இணைத்ததை மனிதன் பிரிக்கக்கூடாதென்று சேசுநாதர் கற்பிக்கவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே.

ஆம், கற்பித்தார். திருச்சபை அதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆனால் அதே திருச்சபை வேறு சிலவற்றையும் சொல்கிறது. அவற்றை நாம் கேட்பதில்லை. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1153-ம் பிரிவைப் பாருங்கள். கணவனோ மனைவியோ மற்றவரின் ஆத்துமத்துக்காவது சரீரத்துக்காவது, அல்லது பிள்ளைகளுக்காவது பெரும் மோசம் வருவித்தால், பிரிந்திருக்க நியாயமான காரணம் உண்டு என்று அது சொல்கிறது. அடியும் உதையும் பட்டு உயிருக்குப் பயந்து வந்த மகளை, "அனுசரித்துப் போ" என்று அந்த வாசலுக்கே திருப்பி அனுப்பும் பெற்றோர், அதை வேதக் கட்டளை என்று எண்ணவேண்டாம். அப்படிப்பட்ட ஆபத்தில் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

மேலும், பிரிந்து தனியே வாழ்கிறவர்கள் நற்கருணை வாங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மறுவிவாகம் செய்யாத அவர்கள், மற்றெல்லாரையும்போல் தகுந்த ஆயத்தத்தோடு, திவ்விய நற்கருணை உட்கொள்ளலாம். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-ம் ஆண்டிலும், பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ம் ஆண்டிலும் குடும்பத்தைப்பற்றி எழுதிய நிருபங்களில் இதைத் தெளிவாய்ச் சொன்னார்கள். வேறு துணையோடு வாழ்கிறவர்களுங்கூடத் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் அல்ல என்று பாப்பரசர் பிரான்சிஸ் அதே நிருபத்தில் வற்புறுத்தினார். அறியாமையினால் பத்தும் இருபதும் ஆண்டுகளாய்ப் பந்திக்கு வராமல் நிற்பவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

விவாகத்தின் மகிமையைக் காக்கவேண்டுமென்கிற பக்தி நமக்கு இருக்குமானால், அதைக் காட்டவேண்டிய காலம் விவாகத்துக்கு முன்னே. கோவிலில் மூன்று முறை ஓலை கூறுவது எதற்காக? தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லட்டும் என்பதற்காக. குடிப்பழக்கம் சட்டப்படி ஒரு தடை அல்லாவிட்டாலும், பெண் வீட்டாரிடம் தனியே வந்து, "பையன் இப்படிப்பட்டவன், விசாரித்துச் செய்யுங்கள்" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஓலை கூறும்போது மௌனமாயிருந்த ஊர், பிற்பாடு அவளுக்குப் பெயர் வைக்கமட்டும் வாய் திறக்கிறது. இது விவாகத்தைக் காக்கும் பக்தியாகுமா?

அன்புக்கு வாசல் திறக்குமா?

இனி, பிரிவின் துயரைச் சுமக்கிற சகோதரியே, சகோதரனே, உங்களோடு ஒரு வார்த்தை.

ஒருமுறை சூடுபட்ட மனசுக்கு இரண்டு சோதனைகள் வரும். ஒன்று, இனி யாரையும் நம்பமாட்டேன் என்று கதவை அடைத்துத் தாழிட்டுக்கொள்வது. மற்றது, இந்தப் பெயர் நீங்கினால் போதுமென்று எதிர்ப்பட்ட முதல் வாசலில் ஓடி நுழைவது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: துணை ஒருவர் தந்தால்தான் எனக்கு மதிப்பு என்னும் எண்ணம். அன்பு என்றால் விவாகம் ஒன்றே என்று நினைப்பது, வாழ்வு என்றால் விவாகம் ஒன்றே என்ற அந்தப் பழைய சொல்லின் பிழையைத் திரும்பச் செய்வதாகும். பிள்ளையை அணைக்கும்போது நீங்கள் நேசிக்கிறீர்கள். சுகமில்லாத அண்டை வீட்டாருக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது நேசிக்கிறீர்கள். உங்கள் அன்பு செத்துப்போகவில்லை. முதலில் அதை உங்களிடத்திலேயே கண்டறியுங்கள்.

அதற்கு நேர்மையான ஒரு ஆத்தும சோதனை வேண்டும். உங்கள் குற்றம் உண்டானால், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதை இறக்கிவையுங்கள். இறக்கினபின் மறுபடி தூக்கவேண்டாம். மற்றவருடைய குற்றத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். அவன் குடித்தது உங்கள் சமையலினால் அல்ல. மன்னிப்பு என்பதையும் தப்பாய் விளங்கிக்கொள்ளாதீர்கள். மன்னிப்பது பகையை விடுவது. ஆபத்துள்ள வீட்டுக்குத் திரும்பப் போவது அல்ல.

சகோதரனே, உங்களுக்கு ஊர் பெயர் வைக்கவில்லை. ஆகையால் உங்கள் துயரத்தை யாரும் விசாரிப்பதுமில்லை. "ஆம்பிளைக்கென்ன" என்று சொல்லிவிடுகிறார்கள். இரவில் சாராயக் கடை வாசலில் அதை ஆற்றப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! ஒரு நல்ல நண்பனிடத்திலோ, பங்குக் குருவானவரிடத்திலோ வாய் திறந்து பேசுவது ஆண்மைக்கு இழுக்கல்ல. தாயிடத்தில் வளரும் உங்கள் பிள்ளைக்குச் செலவு கொடுப்பதும், அதன் முன்னிலையில் அதன் தாயை ஏசாதிருப்பதும் உங்கள் மதிப்பை நீங்களே கட்டியெழுப்பும் வேலை.

மறுபடியும் இல்லறத்தில் பிரவேசிக்க விருப்பமுண்டானால், அதற்கும் நேரான வழி உண்டா என்று கேட்டறிய வெட்கப்படாதேயுங்கள். பலவந்தத்தினாலோ பயத்தினாலோ சம்மதம் சொல்லப்பட்டிருந்தால், முக்கியமான ஒன்றைக் குறித்து வேண்டுமென்றே வஞ்சனை நடந்திருந்தால், அல்லது விவாகக் கடமைகளை உணர்ந்து ஏற்கும் திறன் அன்றே இல்லாதிருந்தால், அந்த விவாகம் ஆதிமுதல் செல்லுபடியாகவில்லை என்று திருச்சபை நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடும். 2015-ம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் இந்த விசாரணையை எளிதாக்கினார்; இரண்டு நீதிமன்றங்கள் ஒத்த தீர்ப்புச் சொல்லவேண்டுமென்ற நிபந்தனையை நீக்கினார்; இயன்றவரை ஏழைகளுக்குச் செலவில்லாமல் நடக்கவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். அப்படித் தீர்ப்பானால் பிள்ளைகளின் பிறப்புக்கு இழுக்கு வருமோ என்று தாய்மார் அஞ்சுகிறார்கள். வராது. சட்டத் தொகுப்பின் 1137-ம் பிரிவு அவர்களை நியாயமான பிள்ளைகள் என்றே சொல்கிறது.

ஆனால் ஒன்று: திருச்சபையின் தீர்ப்பு மட்டும் சர்க்கார் சட்டத்துக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. அதற்குச் சிவில் கோர்ட்டின் தீர்ப்பும் வேண்டும். 1869-ம் ஆண்டின் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்தில், கணவன் மனைவியின் விபசாரம் ஒன்றைக் காட்டினால் போதும். மனைவியோ கணவனுடைய விபசாரத்தோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்த்து நிரூபிக்கவேண்டும். 132 ஆண்டுகள் நீடித்த இந்த ஓரவஞ்சனை 2001-ம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கிற்று. ஜீவனாம்சம் கேட்பது பிச்சையல்ல, உரிமை. கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கும் தாலுகா ஆபீஸில் மனுச் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரிந்த பங்கு வாலிபர் ஒருவர் கூடப் போனால் அது பெரிய தர்மம்.

நாம் செய்யக்கூடியது

கடைசியாக, குடும்பத்தாராகிய நமக்கு மூன்று தீர்மானங்கள்.

முதலாவது, அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடுவோம். நம் வீட்டுப் பிள்ளை அதைச் சொன்னால் கண்டிப்போம். பிரிந்து வந்தவளுடைய பத்து வயது மகன் குழாயடியில் அச்சொல்லைக் கேட்கிறான். தன் தாய் வீணானவள் என்று அன்றைக்குக் கற்றுக்கொள்கிறான். எந்த ஞான உபதேசமும் அதை அவன் மனசிலிருந்து எளிதில் அழிக்காது.

இரண்டாவது, மங்கள காரியங்களில் அவளைப் பின்னுக்குத் தள்ளாதிருப்போம். அக்காள் தாய்வீட்டில் இருக்கிறாள் என்ற காரணத்தால் தங்கையின் சம்பந்தத்தைத் தட்டாதிருப்போம். பெற்றோரும், திரும்பி வந்த மகளைப் பாரமென்று பேசாமல், பிறந்த வீட்டில் அவளுக்குள்ள பங்கை ஒப்புக்கொள்வார்களாக.

மூன்றாவது, ஒரு காரியம் கேட்போம். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின், அவசரமாய் வெளியேறுகிற அந்த ஒருவரைக் கோவில் வாசலில் நிறுத்துங்கள். "எப்போது சமாதானம் ஆவீர்கள்?" என்று கேட்கவேண்டாம். "என்ன நடந்தது?" என்றும் கேட்கவேண்டாம். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு அவரால் செய்யக்கூடிய ஒரு உதவியைக் கேளுங்கள். கிணற்றடியில் நம் ஆண்டவர் தொடங்கியது அப்படித்தான்.